பங்காளிச் சண்டையை விட்டுவிட்டால் தோற்றதாக ஆகிவிடுமா?

காவேரிப்பட்டணத்தான் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. தாத்தா சொந்தமாக நிலம் வாங்கி வைத்த மாந்தோப்பு ஒன்று ஊரில் இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா. கிணற்றை ஒட்டிய பாகத்தில் மட்டும் செந்தூராவும் மல்கோவாவும் நிற்கும். தாத்தா உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். அப்பாவும் பெரியப்பாவும் பேச்சளவில் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றுப் பக்கம் அப்பாவுக்கு என்பது பேச்சு. பல வருஷம் அப்படியே ஓடியது. ஒரு நாள் கூட்டுறவுக் கடனுக்காகப் பட்டா எடுக்கப் போனால், மொத்தத் தோப்பும் பெரியப்பா பெயரில் இருக்கிறது.

அப்பா பாதி கேட்டு வழக்குப் போட்டார். வாய்தா வாய்தாவாக அலைந்து, வழக்கு முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்குப் பெரியப்பா வந்தார். அம்மா உள்ளே விடவில்லை. வாசலில் நின்றவர் மாலையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் நல்லது கெட்டது எதுவும் இல்லை.

இப்போது வழக்கை நான் நடத்துகிறேன். என் பிரச்சினை வழக்கு இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் மனசு நேராக அங்கேதான் போகிறது. பெரியப்பாவிடம் என்ன பேசியிருக்க வேண்டும், அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று தலைக்குள் பஞ்சாயத்து நடக்கும். "சோத்துத் தட்டு முன்னாலேயும் கோர்ட்டுக் கட்டைப் பிரிக்கிறீங்க" என்கிறாள் மனைவி. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எங்கள் தோப்பின் சர்வே நம்பர் மனப்பாடம். கம்பெனியில் புனே கிளைக்குப் பதவி உயர்வோடு போகச் சொன்னார்கள். வாய்தாவுக்கு வர முடியாதே என்று வேண்டாம் என்றேன்.

பழசை விடு, அப்போதுதான் முன்னேற முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, விடுவது என்றால் என்ன செய்வது? வழக்கை வாபஸ் வாங்குவதா? அப்பா பட்டதை மறப்பதா? விட்டால் பெரியப்பா ஜெயித்ததாக ஆகிவிடாதா?

ராயக்கோட்டை தக்காளி:

தம்பி, பெங்களூரா காய்க்குக் கூழ் ஆலைக்காரர்கள் சொல்லும் விலையில் ஒரு சீசன் தோப்பை நடத்திப் பாருங்கள். பறிகூலி, வண்டி வாடகை போக மிச்சத்தை எண்ணும்போது பெரியப்பா மேல் இருக்கும் கோபம் பரிதாபமாக மாறிவிடும். இதை ஒரு தக்காளி விவசாயி சொல்கிறேன், நம்புங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்:

தக்காளி, உங்களுக்கு எல்லாவற்றிலும் விளையாட்டு.

காவேரி தம்பி, நீங்கள் எழுதியதில் என்னை உட்கார வைத்தது ஒரே வரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு சர்வே நம்பர் எப்படித் தெரியும்? யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். வகுப்பில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஒரே பெஞ்சில் உட்கார மறுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. இப்போதைக்கு இதற்கு மேல் சொல்லவில்லை.

பாலக்கோடு பேக்கரி:

நான் எதிர்ப்பக்கம். விடு விடு என்று சொல்கிறவர்களுக்கு எதுவும் பறிபோயிருக்காது.

என் கதை சுருக்கமாக. அப்பா கடனில் இருந்தபோது மாமா ஒருவர் பந்தியில் வைத்து, "இவன் இலைக்கு எதுக்கு ரெண்டாவது தடவை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பெங்களூர் போனேன். பேக்கரியில் தட்டு கழுவி, மாவு பிசைந்து, அப்புறம் சொந்தமாகக் கடை வைத்தேன். விடிகாலையில் எழ முடியாதபோதெல்லாம் அந்தப் பந்திதான் எழுப்பும். வைராக்கியம் இல்லாமல் நான் எங்கே வளர்ந்திருப்பேன்? எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தோம்.

ஒகேனக்கல் பரிசல்:

தர்மபுரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பாலக்கோடு அண்ணன் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் கோபத்தை வேலையில் போட்டார். காவேரி அதே பஞ்சாயத்தைத் தினமும் தலைக்குள் நடத்துகிறார். முதலாவதில் ஒரு கடை வந்தது. இரண்டாவதில் எதுவும் வரவில்லை.

பின்னதை நாங்கள் அசைபோடுதல் என்போம். சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 1989இல் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஸ்டான்போர்டு மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டு எழுதி வைத்திருந்தார். "ஏன் எனக்கு இப்படி" என்று அசைபோடும் பழக்கம் ஏற்கனவே இருந்தவர்களுக்கு, நிலநடுக்கத்துக்குப் பிறகு மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஆட்டம் கண்ட பூமி எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதற்காக "நினைக்காதே" என்று தனக்குத் தானே கட்டளை போடவும் கூடாது. டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனை பிரபலம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். ஆட்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது. பெரியப்பாவை நினைக்கவே கூடாது என்று சபதம் போட்டால் ராத்திரி முழுக்க அவர்தான் வருவார்.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், தினம் கால் மணி நேரம், மனசை உறுத்தும் விஷயத்தை நடந்ததும் உணர்ந்ததுமாகச் சேர்த்து எழுதினார்கள். எழுதிய கையோடு மனசு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மாய மருந்து என்று சொல்ல மாட்டேன். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் ஓரளவுதான். ஆனால் தலைக்குள் சுற்றும் பேச்சுக்குத் தாளில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டியிருக்கும், அந்த வித்தியாசம் பலருக்கு உதவுகிறது. யாரிடமும் காட்ட வேண்டாம். பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள்!

தூக்கமே இல்லை, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கூத்துப்பைத்தியம்:

ஆய்வெல்லாம் சரி. நம் ஊரிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, யாரும் அதைச் சொல்லவில்லையே.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பது, ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு வீட்டு நீளம் இருப்பான். வேஷம் கட்டிய பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கூட்டத்தில் இருக்கும் பெண்கள் துடைப்பத்தோடு வந்து அந்த மண் உருவத்தைச் சாத்துவார்கள். நான் பார்த்திருக்கிறேன், அது நடிப்பு இல்லை. யார் யாரை நினைத்து அடிக்கிறார்களோ! எல்லாம் முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், எங்கள் ஊரில் குதிருக்குப் பக்கத்தில் வைப்போம். அன்றைக்குச் சாயங்காலம் தீமிதி. மறுநாள் அந்த மேட்டில் ஆடு மேயும்.

கோபத்துக்கு நாள் குறித்து, இடம் குறித்து, அடித்துத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறது ஊர். உங்கள் வழக்கில் படுகளமே வரவில்லை தம்பி. அதனால்தான் ராத்திரிதோறும் கூத்து.

பென்னாகரத்து ஆள்:

கூத்துப்பைத்தியம் அண்ணே, கூந்தல் முடிந்த அன்றைக்கு ராத்திரியே அசுவத்தாமன் வந்து அவளுடைய பிள்ளைகள் ஐந்து பேரையும் கொன்றுவிடுவான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சபதம் நிறைவேறினால் எல்லாம் தீர்ந்தது என்று கூத்தில்கூட இல்லை.

கூத்துப்பைத்தியம்:

உண்மைதான். அதை ஆடும்போது பெரும்பாலும் கூட்டம் தூங்கியிருக்கும் அல்லது தீமிதிக்குக் கிளம்பியிருக்கும்.

கெத்து_கிருஷ்ணகிரி:

ஆம்பளையா பொறந்தவன் அப்பன் சொத்தை விடமாட்டான். கட்டுரை எழுதுறதை விட்டுட்டு (இந்தப் பதிவின் மீதிப் பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது)

நெறியாளர்:

மிரட்டல், ஆள் அனுப்புவது பற்றிய யோசனைகள் இங்கே வேண்டாம். அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

மத்தூர்ப் பொண்ணு:

நாலு நாளாகப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

எங்கள் வீட்டில் "பழசை விடு" என்ற பேச்சு எப்போதெல்லாம் வந்தது தெரியுமா? நான் பங்கு கேட்டபோதெல்லாம். அப்பா காலமான பிறகு அண்ணன்கள் இருவரும் ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் பணம், ஒரு விடுதலைப் பத்திரம் மூன்றையும் ஒரே தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தார்கள். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன கணக்கு, கையெழுத்துப் போடு, சந்தோஷமாக இரு என்றார்கள். நான் போடவில்லை. அன்றிலிருந்து சீர் இல்லை. என் பையனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. என் கொழுந்தனார் மடியில் உட்கார வைத்தோம். ஊரே பேசியது.

சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் எடுத்துக்கொண்டவர்கள்தான். மன அமைதி, முன்னேற்றம், பாசிட்டிவ் என்று என்ன பெயர் வைத்தாலும் சரி.

அதே சமயம் நானும் ஒன்றை விட்டிருக்கிறேன். அண்ணன்கள் ஒரு நாள் வந்து "தப்புதான் பாப்பா" என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன் பாருங்கள், அதை. பொங்கலுக்கு வாசலைப் பார்ப்பது நின்றுவிட்டது. வழக்கு அது பாட்டுக்கு வக்கீலிடம் இருக்கிறது. வாய்தாவுக்கு மட்டும் போவேன், வரும் வழியில் போச்சம்பள்ளியில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வருவேன். சமைக்கும்போது வழக்கை நினைப்பதில்லை. இது ஒரு நாளில் வந்ததில்லை.

காவேரி, உரிமையை விட வேண்டியதில்லை. அவர் மனசு மாறும் என்று காத்திருப்பதை விடுங்கள்.

ஒகேனக்கல் பரிசல்:

மத்தூர் அக்கா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு சின்ன ஒட்டு. எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்கர் மன்னிப்பை ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சியில் இருக்கும்போதே, 1996 புத்தாண்டையொட்டி, வீட்டுக்குள் புகுந்த ஒருவனால் அவருடைய அம்மா கொல்லப்பட்டார். மன்னிப்பு இரண்டு வகை என்கிறார் அவர். பழிவாங்கப் போவதில்லை என்று எடுக்கும் முடிவு ஒன்று. உள்ளே இருக்கும் கசப்பு குறைவது இன்னொன்று. முதலாவதை இன்றைக்கே எடுத்துவிடலாம். இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும். முதலாவது வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள்தான் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

பென்னாகரத்து ஆள்:

சொத்து இல்லாதவன் கதையும் ஒன்று இருக்கட்டும்.

நான் பிறந்த ஊரில் குடிக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. எங்கள் பக்கத்துத் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டியது. குழந்தையாக இருக்கும்போது, நிலைப்பல் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் அந்தக் கறை ஏறும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எனக்கு முன்பற்கள் எல்லாம் பழுப்பு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் ஊரில் இருந்தவரை தெரியவில்லை. கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போன முதல் வாரம் ஒருத்தன், "பீடி பிடிப்பியா" என்று கேட்டான். அன்றிலிருந்து வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கப் பழகினேன். வேலைக்கான நேர்காணல்களில் வாயைத் திறக்காமல் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். நீங்களே முயன்று பாருங்கள், முடிகிறதா என்று.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. என் அக்கா பிள்ளைகள் பல் வெள்ளை. அதைப் பார்க்கும்போது சந்தோஷம், கூடவே ஒரு எரிச்சல். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?

இதை எப்படி விடுவது? கண்ணாடியைப் பார்த்தால் என் பழைய காலம் எதிரே நிற்கிறது. யாரை மன்னிக்க? தண்ணீரையா? பல் மருத்துவர் மேலே பூச்சு வைக்கலாம் என்றார். முன்பற்களுக்கு மட்டும் வைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஒன்று மாறியிருந்தது. ஒரு பயிற்சி வகுப்பில் ஒருவர் கேட்டபோது, "எங்க ஊர்த் தண்ணி" என்று மூன்றே சொல்லில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். முன்பெல்லாம் புளோரைடு, ஆழ்துளை, பற்சிப்பி என்று அரைமணி நேரம் வாதாடுவேன், நான் சுத்தமானவன்தான் என்று நிரூபிக்க. நிரூபிக்கும் வேலையிலிருந்து அன்றைக்கு ஓய்வு பெற்றுவிட்டேன்.

ராயக்கோட்டை தக்காளி:

இதற்கு நான் ஜோக் அடிக்கவில்லை. நல்லா எழுதுறீங்க தம்பி.

பாலக்கோடு பேக்கரி:

பென்னாகரம் எழுதியதைப் படித்துவிட்டு என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஊரில் வீடு கட்டினேன், தரை முழுக்கக் கிருஷ்ணகிரி கிரானைட். புதுமனை புகுவிழாவுக்கு அந்த மாமாவை நேரில் போய் அழைத்தேன். அவரைப் பந்தியில் உட்கார வைத்து நானே இரண்டாவது தடவை சாம்பார் ஊற்ற வேண்டும், அதுதான் திட்டம். வந்தார். வயசாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் "இது யார் வீடு" என்று கேட்டார். ஞாபகமறதி. அந்தப் பந்தியும் அவருக்கு ஞாபகம் இல்லை, நானும் இல்லை.

ஊற்றினேன். சாப்பிட்டார். எனக்கு எப்படி இருந்தது என்று இன்னும் தெரியவில்லை. வைராக்கியம் என்னை வளர்த்தது என்று முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

கறுப்புக்கோட்டு:

வழக்கறிஞர் என்ற முறையில் சில வார்த்தை. உணர்ச்சி விஷயத்தில் தலையிடவில்லை.

பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது பெரியப்பா பெயரில் இருப்பதால் மட்டுமே தோப்பு அவருடையது என்று ஆகாது. அதனால் பதற்றம் வேண்டாம். இரண்டாவது, அப்பா இறந்த 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனு போட்டிருக்க வேண்டும். போட்டாயிற்றா என்று பாருங்கள். தாமதம் ஆகியிருந்தாலும் காரணம் சொல்லிச் சேர்க்க வழி உண்டு.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம். நடக்கும் வழக்கையே அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அங்கே கிடைக்கும் தீர்வு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்ப வரும். அப்பீல் கிடையாது என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். முன்சீப் கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை போகும் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தாத்தா போட்ட வழக்கில் பேரன் வாய்தா வாங்குகிறான்.

ஒரு கேள்வி. அப்பாவும் பெரியப்பாவும் மட்டும்தானா? தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகள் இல்லையா?

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் நன்றி. எழுதிப் பார்த்தேன். பரிசல் சொன்னதுபோல் முதலில் மோசமாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் எழுதும்போது ஒன்று கவனித்தேன், தோப்பைப் பற்றி எழுதியதைவிட அம்மா அவரை உள்ளே விடாத அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அது எனக்கே புதுசு.

கறுப்புக்கோட்டு சார், வாரிசு மனு சரியான நேரத்தில் போட்டாயிற்று. ஒரு அத்தை இருக்கிறார். குப்பம் பக்கம் கட்டிக் கொடுத்தது. வழக்கில் அவர் இல்லை. நகை, சீர் எல்லாம் கொடுத்தாயிற்று என்று அப்பா சொல்வார். பெரியப்பாவும் அதையேதான் சொல்வார். அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை.

மத்தூர்ப் பொண்ணு:

ஆஹா.

கறுப்புக்கோட்டு:

தாத்தா சுயமாகச் சம்பாதித்த நிலம், 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறப்பு, பாட்டியும் இல்லை என்றால் மூன்று பிள்ளைகளுக்கும் சமப் பங்கு. கல்யாணச் சீர் கொடுத்ததால் அத்தையின் பங்கு போய்விடாது. அவரே எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. பரம்பரைச் சொத்தாக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், பிறகு 2005 மத்தியச் சட்டத் திருத்தம், 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அது தனிக் கதை.

அதைவிட முக்கியம், பாகப்பிரிவினை வழக்கில் எல்லாப் பங்குதாரர்களும் தரப்பினராக இருக்க வேண்டும். அத்தை இல்லாமல் வந்த தீர்ப்பு பிறகு ஆடும். உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் இதை இதுவரை எழுப்பவில்லை என்றால் அவருடைய கட்சிக்காரருக்கும் அத்தை வருவது பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆக, அப்பா கேட்ட பாதி சட்டப்படி பாதி இல்லை. மூன்றில் ஒன்று.

ஊத்தங்கரை டீச்சர்:

தம்பி, இதைப் படித்துவிட்டு இன்றைக்கு எதுவும் முடிவு செய்யாதீர்கள். தூங்கி எழுந்து யோசியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷம் பெரியப்பா எடுத்துக்கொண்டதையே பார்த்துக்கொண்டிருந்ததில், அத்தையின் முகம் உங்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் வந்ததா? குறை சொல்லவில்லை. காயம் பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் காயம் தெரிவதில்லை, நான் பார்த்தவரையில்.

காவேரிப்பட்டணத்தான்:

டீச்சர், இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அத்தையிடம் போனில் பேசினேன். எடுத்ததும் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்டார். வேறு எதற்கும் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன் போனதில்லை. விஷயத்தைச் சொன்னேன். எனக்கு நிலமெல்லாம் வேண்டாம் கண்ணு என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். அப்படிச் சொல்லவில்லை. "எந்தப் பக்கம் தருவீங்க?" என்றார். கிணற்றுப் பக்கத்துச் செந்தூரா மரங்களுக்குத் தானும் தண்ணீர் சுமந்தவள் என்றார். மகனுக்கு வேலை சரியாக அமையவில்லை, அதனால் பங்கு கண்டிப்பாக வேண்டும் என்றார். உன் அப்பனிடம் ஒருமுறை கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான் என்பதையும் சொன்னார்.

அம்மாவுக்குக் கோபம். அப்பாவையே குற்றவாளி ஆக்கிவிட்டாய் என்கிறார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது. பெரியப்பா மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, மக்கள் நீதிமன்றம் பற்றி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. படித்துவிட்டார் என்பது மட்டும் தெரிகிறது.

விசித்திரம் என்னவென்றால், தலைக்குள் நடக்கும் பஞ்சாயத்து குறைந்திருக்கிறது. முன்பு நான் பெரியப்பாவை மடக்குவேன். இப்போது அத்தையும் வந்து உட்கார்ந்துகொள்கிறார், எனக்குப் பேச்சு வருவதில்லை. புனே விஷயம் கேட்டேன், அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். அடுத்து வந்தால் என் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வாய்தாவுக்கு அங்கிருந்தும் வரலாம், ரயில் இருக்கிறது.

மத்தூர்ப் பொண்ணு:

உங்கள் அத்தை நம்பர் கொடுங்கள், பேச வேண்டும் போல இருக்கிறது. (விளையாட்டுக்குச் சொல்கிறேன் நெறியாளரே, யாரும் இங்கே நம்பர் போட வேண்டாம்.)

அம்மா கோபத்துக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். அவரும் ஒரு வீட்டின் மகள்தான். அவருடைய பிறந்த வீட்டில் அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

ராயக்கோட்டை தக்காளி:

மூன்று பங்கு ஆகிவிட்டால் ஆளுக்கு எத்தனை மரம் வரும்? இந்த வருஷம் காய்ப்பு வேறு குறைவு. பேசாமல் மூன்று பேரும் சேர்ந்தே குத்தகைக்கு விட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பூப்பதற்கு முன்பே குத்தகை பேசாதீர்கள், பூவைப் பார்த்துப் பேசினால் நல்ல விலை கேட்கலாம்.

கறுப்புக்கோட்டு:

தக்காளி சொன்னது மோசமில்லை, தீர்வில் அப்படியும் எழுதிக்கொள்ளலாம்.

காவேரி, அத்தையை வழக்கில் சேர்க்க உங்கள் வக்கீல் மனு போடட்டும். ஆனால் அவருக்கும் நீங்களே வக்கீல் வைத்துத் தருகிறேன் என்று இறங்காதீர்கள். அவருக்குத் தனி வக்கீல் இருக்கட்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வரும்போது தாத்தாவின் கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உங்கள் அண்ணனிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலில் வேண்டாம்.

காவேரிப்பட்டணத்தான்:

மூன்று நகல். சரி சார். அண்ணன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு.